டன்லி வேலி விழுந்த நாள்

புயல் நின்ற மறுநாள் காலை வடக்குச் சாலையில் பனி தள்ளிக்கொண்டு போன நான்தான் அவற்றை முதலில் பார்த்தேன்.

எங்கள் வெளியெங்கும் முளைக்கும் சேஜ் புதர் என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் விடாமல் பெய்த பனியில் புதரெல்லாம் மூடிப்போயிருக்க வேண்டுமே, இவை மட்டும் எப்படித் தலை நீட்டிக்கொண்டு நிற்கின்றன என்று யோசித்தபடி பனி தள்ளும் கிரேடர் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். ஒரு புதர் திரும்பி என்னைப் பார்த்தது. அதற்குப் பக்கத்துப் புதரும் பார்த்தது. அப்புறம் வேலி நெடுக, கண்ணுக்கு எட்டின மட்டும், எல்லாம் திரும்பிப் பார்த்தன.

கவைக்கொம்பு மான்கள். எங்கள் ஊரில் அவற்றை ஆடு என்றுதான் சொல்வோம். வயோமிங்கில் பிறந்தவன் அவற்றை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். ஒவ்வொரு வருஷமும் குளிர் தொடங்கும்போது வடக்கு மலையிலிருந்து இறங்கி, பத்தும் இருபதுமாக எங்கள் மேய்ச்சல் நிலங்களைக் கடந்து, தெற்கே பனி குறைந்த பாலைவெளிக்குப் போகும். மோட்டார் வண்டியை முந்தி ஓடும் கால்கள் அவற்றுக்கு. ஆனால் இடுப்பளவு வேலியைத் தாண்டிக் குதிக்காது. முழங்காலை மடக்கி, அடிக்கம்பிக்குக் கீழே நுழைந்துதான் போகும். இந்த முறை அடிக்கம்பி பனிக்குள் இருந்தது. அதற்கு மேலே இருந்த கம்பியும் பாதி புதைந்திருந்தது. அதோடு, பனியின் கடைசி நாளில் கொஞ்சம் மழை தூறி, இரவில் உறைந்து, நிலம் முழுவதும் கண்ணாடி போட்டது போல ஓடு கட்டியிருந்தது. மலையில் இருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் இறங்கி வந்து இந்த வேலியில் முட்டிக்கொண்டு நின்றன.

நான் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். அத்தனை உயிர்கள் நிற்கிற இடத்தில் ஒரு சத்தம் இல்லை. மூச்சு மட்டும் வெள்ளையாக எழுந்து, வேலிக்கு மேலே மெல்லிய மேகம் மாதிரி மிதந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் சில கம்பியில் கழுத்து மாட்டி நின்றபடியே செத்திருந்தன. பனி ஓட்டில் நடந்து நடந்து மற்றவற்றின் கால்களில் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. சாலை வேலியைக் கடக்கும் இடத்தில் கேட் திறந்துதான் கிடந்தது. அந்தப் பதினாறு அடி இடைவெளி அவற்றின் கண்ணுக்கு வாசலாகப் படவில்லை.

என் பெயர் ராய்ஸ் டிப்பட்ஸ். முப்பத்தொரு பேர் வாழும் டன்லியில் பிறந்து, நாற்பத்தேழு வருஷமாக அங்கேயே இருக்கிறேன். மாவட்ட நிர்வாகத்தின் கிரேடரை ஓட்டுவது என் வேலை. அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. கிரேடரைத் திருப்பி நேரே ஊருக்கு ஓட்டினேன்.

எங்கள் ஊரில் கடையும் தபால் நிலையமும் ஒன்றுதான். என் மனைவி கார்லிஸ் மேஜையின் இந்தப் பக்கம் நின்றால் கடைக்காரி, அந்தப் பக்கம் நின்றால் தபால்காரி. நான் உள்ளே போனபோது லீலண்ட் ஸ்டோக்ஸ் அடுப்பருகே காபியோடு உட்கார்ந்திருந்தார். ஊருக்குத் தெற்கே புல் விளைவித்துக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருப்பவர்.

"என்ன ராய்ஸ், வண்டிய எங்கயாச்சும் கவுத்துட்டியா? மூஞ்சி வெளுத்துக் கெடக்கு" என்றார்.

"டன்லி வேலிகிட்ட ஆடு நிக்குது."

"ஆடு நிக்கத்தான் செய்யும். வேற என்ன பண்ணும், பைபிள் படிக்குமா?"

"மூவாயிரம் நிக்குது, லீலண்ட்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கார்லிஸ் தொலைபேசியை எடுத்து வனவிலங்குத் துறை அதிகாரி இனெஸ் அரியாகாவுக்கு ஒரு முறையும், மார்வா டன்லிக்கு ஒரு முறையும் பேசினாள்.

மார்வாவைப் பற்றிச் சொல்லாமல் அந்த வேலியைப் பற்றிச் சொல்ல முடியாது. அவருடைய கொள்ளுத்தாத்தா எஸ்ரா டன்லி மாடுகளோடு வந்து இந்தப் பள்ளத்தாக்கில் குடியேறிய வருஷமே நட்ட வேலி அது. பதினான்கு மைல், தேவதாரு மரக் கம்பங்கள், நான்கு வரிசை முள்கம்பி. இந்தப் பக்கத்தில் முதன்முதலில் எழுந்த வேலி அதுதான் என்று அரசாங்கம் வெண்கலப் பலகை அடித்து வைத்திருக்கிறது. ஜூலை மாதம் ஊர் பிறந்த நாளன்று, ஊரில் பிறந்தவர்களும் கல்யாணமாகி வந்தவர்களும் ஆளுக்கொரு கம்பத்தில் தங்கள் பெயரைச் செதுக்கி, கம்பியைப் பிடிக்கும் யு வடிவ ஆணி ஒன்றை அடிப்பார்கள். கேட்டுக்குக் கிழக்கே அரை மைல் தூரத்துக்குப் பெயர் இல்லாத கம்பமே கிடையாது. என் அப்பா பெயர் அங்கே இருக்கிறது. என் பெயரும் கார்லிஸ் பெயரும் ஒரே கம்பத்தில் இருக்கின்றன. கல்யாணமான வருஷம் ஒரே ஆணியை இரண்டு பேரும் சேர்ந்து அடிக்கிறோம் என்று என் கட்டைவிரலைத்தான் அவள் அடித்தாள்.

அந்தப் பதினான்கு மைலையும் வருஷத்துக்கு இரண்டு முறை குதிரையில் போய்ப் பார்த்து, சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தி, தளர்ந்த கம்பியை இழுத்துக் கட்டுபவர் மார்வா. வயது அறுபத்து மூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் யாராவது அந்த வேலியில் சாய்ந்து நின்றால்கூட, "என்ன, கால் வலிக்குதா?" என்று கேட்பார். அதற்குப் பிறகு யாரும் சாய்ந்து நிற்கமாட்டார்கள்.

கார்லிஸும் லீலண்டும் நானும் வேலிக்குப் போனபோது மார்வா ஏற்கெனவே அங்கே இருந்தார். பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, மூடாமலே, பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். நாங்கள் வந்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இனெஸ் அரை மணி நேரத்தில் வந்துவிட்டாள். முப்பது வயதுப் பெண், நியூ மெக்சிகோக்காரி, எங்கள் பக்கம் வந்து நான்கு வருஷம் ஆகிறது. தொலைநோக்கியை எடுத்து வேலி நெடுகப் பார்த்தாள். இறக்கும்போது அவள் உதடு வெளுத்திருந்தது.

"இவ்ளோ மோசமா இருக்கும்னு நெனக்கல" என்றாள். "மத்தியானத்துக்கு மேல காத்து திரும்புது. நாளைக்கு மறுபடியும் பனி. இன்னைக்கு இதத் தாண்டலன்னா இதுங்க வேலி ஓரமாவே கெழக்கயும் மேற்கயும் அலைஞ்சு அலைஞ்சு விழுந்துடும். பாதிகூட மிஞ்சாது."

"லாரில புல்லு கொண்டாந்து போட்டா?" என்றேன்.

"சேஜ் தின்ன வயிறு அது. இந்த நெலமைல புல்லு கொடுத்தா வயித்துல புல்லோடவே செத்துப்போகும். அதுங்களுக்கு வேண்டியது சோறு இல்ல, வழி."

லீலண்ட் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "வழின்னா எங்க போகும்? ஊருக்குள்ளயா? அந்தப் பக்கம் என் புல்லுக்கட்டு இருக்கு. மூவாயிரம் வாயி. நான் வசந்தம் வரைக்கும் மாட்டுக்கு என்னத்தப் போடறது?"

"கடைக்குப் பின்னாடி தண்ணிக் குழாய்க்குத் தோண்டினப்ப எலும்பு வந்துச்சே, அத மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள் இனெஸ். "கல்லு அம்பு முனையோட வந்துச்சு. ஆறாயிரம் வருஷத்து எலும்புன்னு ஆராய்ச்சிக்காரங்க எழுதிக் குடுத்தாங்க. அத்தனையும் இதே மான். இதே வழியா வந்தது. உங்க ஊரு இருக்கறதே அதுங்க ரோட்டு மேலதான்."

"ரோட்டுக்கு வரி கட்டுதுங்களா?" என்றார் லீலண்ட். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

மார்வா பிக்கப்பின் பின்பக்கம் போனார். கருவிப் பெட்டியிலிருந்து நீளமான கம்பி வெட்டும் குறட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் அதை இந்த வேலியில் வைத்து நான் பார்த்ததில்லை. ஒட்டுப்போடத்தான் அவர் கருவி எடுப்பார், வெட்ட இல்லை.

"தள்ளி நில்லுங்க, அடிச்சுடும்" என்றார்.

குளிரில் சுருங்கி, யாழ் நரம்பு மாதிரி விறைத்து நின்றது கம்பி. மேல்கம்பியில் குறட்டை வைத்து அழுத்தினார். அறுந்த கம்பி கீச்சென்று கத்திக்கொண்டு கிழக்கே ஓடியது. கம்பம் கம்பமாக அந்தச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது, அரை மைல் தூரத்தில் எங்கோ கரைந்தது. மான்கள் அத்தனையும் ஒரே உடம்பு போல அதிர்ந்து, பின்புறத்து வெள்ளை முடி சிலிர்க்கப் பின்வாங்கின. மார்வா இரண்டாவது கம்பிக்குக் குனிந்தார்.

கார்லிஸ் ஊருக்குப் போன் அடித்துவிட்டாள். பதினோரு பேர் வந்தார்கள். நடக்க முடிந்தவர்கள், குனிய முடிந்தவர்கள் அவ்வளவு பேர்தான். கம்பிகளை வெட்டி, பனிக்குள் புதைந்ததைத் தோண்டி எடுத்து, ஒரு துண்டு விடாமல் சுருட்டினோம். கிடந்தால் காலில் சிக்கும். கையுறையைத் தாண்டி முள் குத்தியது. குத்தினது தெரியாத அளவுக்குக் கை மரத்திருந்தது. மத்தியானம் ஒரு மணி ஆனபோது அரை மைல் வேலியில் கம்பி இல்லை. வெறும் கம்பங்கள் மட்டும் பனியில் வரிசையாக நின்றன.

வண்டிகளை எல்லாம் தூரத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். கால் மணி. அரை மணி. பின்வாங்கிப் போனவை மெல்லத் திரும்பி வந்தன. வந்து, கம்பங்களின் வரிசைக்கு நான்கு அடி வடக்கே நின்றுவிட்டன. முன்னால் காலியான வெளி. கம்பி இல்லை, கேட் இல்லை, ஒன்றுமில்லை. ஆனாலும் ஒன்று கூடத் தாண்டவில்லை. கம்பங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"என்ன எழவு இது" என்றார் லீலண்ட் மெல்லிய குரலில். "தெறந்துதானடி இருக்கு. போங்களேன்."

"கம்பி இருக்கான்னு அதுங்க பாக்கல" என்றாள் இனெஸ். "கோடு இருக்கான்னு பாக்குதுங்க. இவ்ளோ வருஷமா அந்தக் கோட்டுக்கு அடில நுழைஞ்சுதான் போகணும்னு அதுங்க உடம்புல ஏறியிருக்கு."

வடமேற்கில் வானம் ஈயம் போலக் கறுத்து வந்தது. அப்போது மார்வா என்னிடம் வந்தார்.

"ராய்ஸ். உன் கிரேடரக் கொண்டா."

எனக்குப் புரிந்தது. புரிந்தும் புரியாதவன் போல நின்றேன். "அது மாவட்டத்து வண்டிங்க. ரோட்ட விட்டு எறக்கினா வேலைக்கே ஒல வச்சுடுவாங்க" என்றேன்.

"நாந்தான் சொன்னேன்னு சொல்லு."

"அதுக்கில்ல." கம்பங்களைக் கைகாட்டினேன். "மார்வா, அந்தக் கம்பத்துல எல்லார் பேரும் இருக்கு. எங்கப்பா இருக்காரு. உங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் இருக்காங்க. ஒடைச்சா ஒடஞ்சதுதான். தேவதாரு ஒறஞ்சு கெடக்கு, முழுசா வராது, முறிஞ்சுதான் போகும்."

மார்வா கம்பங்களைப் பார்த்தார். நூற்று அறுபது கம்பங்கள். அவர் கண்ணில் நீர் இருந்ததா, காற்றா, எனக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியாதா?" என்றார். "ஒவ்வொண்ணையும் கையால தொட்டவ நான். நீ ஓட்டு. நானும் கூட வரேன்."

கிரேடரின் அறையில் ஒரு ஆளுக்குத்தான் இருக்கை. மார்வா என் இருக்கைக்குப் பின்னால், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பனி தள்ளும் இரும்பு அலகை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்தேன். அதற்குக் கீழே பனியைத் தொடக்கூடாது, குவித்துவிட்டால் அதுவே இன்னொரு வேலியாகிவிடும். முதல் கம்பத்தின் முன்னால் போய் நின்றேன். என் கால் அழுத்த மறுத்தது.

"எட்னா டன்லி" என்றார் மார்வா என் தலைக்குப் பின்னால்.

அழுத்தினேன். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். கம்பம் பனி மட்டத்தில் முறிந்து விழுந்தது.

"வில்பர் க்ரோ." வெடித்தது. "தாமஸ் க்ரோ." வெடித்தது. "மேபெல் ஹோவ்லண்ட்." வெடித்தது. "பாப்டிஸ்ட் எச்செவெரி, ஆட்டுக்காரன், நல்லா பாடுவான்." வெடித்தது. அவர் எழுத்தைப் பார்த்துப் படிக்கவில்லை. பனியில் எழுத்து தெரியவும் இல்லை. மனப்பாடமாகச் சொன்னார். சில பெயருக்குப் பிறகு ஒரு வார்த்தை சேர்த்தார், கால் ஊனம், மூன்று பெண்கள், போரிலிருந்து திரும்பவில்லை, பெரிய குடிகாரன். என் அப்பாவின் கம்பம் வந்தபோது, "கென்னத் டிப்பட்ஸ். எங்க ஆத்துத் தண்ணில எனக்கு நீச்சல் பழக்கினவன்" என்றார். எனக்கு அது தெரியாது. யாரும் என்னிடம் சொன்னதில்லை. கண்ணாடி மங்கியது. நான் கையுறையால் துடைத்துவிட்டு ஓட்டினேன்.

கடைசியாக, கேட்டை ஒட்டி நின்ற பருத்த கம்பம். எஸ்ரா டன்லி முதலில் நட்டது. அதன் முன்னால் நிறுத்தி நான் திரும்பிப் பார்த்தேன். மார்வா பெயரைச் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தார். அது ஒரே மோதலில் போகவில்லை. மூன்று முறை மோத வேண்டியிருந்தது.

சாலையோரத்தில் கிரேடரை நிறுத்தி அணைத்தேன். இறங்கி மற்றவர்களோடு போய்ச் சேர நேரமில்லை. இனெஸ் தூரத்திலிருந்து இரண்டு கையையும் கீழே அமுக்கிக் காட்டினாள். அசையாதே என்று. மார்வாவும் நானும் அந்தக் கண்ணாடி அறைக்குள்ளேயே இருந்தோம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இயந்திரம் குளிர்ந்து டக் டக்கென்று சுருங்கும் சத்தம் நின்றுபோனது. அதன் பிறகு ஒரு கிழப் பெண்மான் கூட்டத்திலிருந்து தனியாக வந்தது. ஒரு காது பாதி இல்லை. முறிந்த கம்பத்தின் அடிக்கட்டையை முகர்ந்தது. அடுத்ததை முகர்ந்தது. இரண்டுக்கும் நடுவே நின்று, முன்காலை நீட்டிப் பனியில் வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. மார்வாவின் கை என் தோளை இறுக்கிக்கொண்டிருந்தது.

அது தாண்டியது. நாலு அடி நடந்து, திரும்பிப் பார்த்தது.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குச் சரியான வார்த்தை இன்றைக்கும் இல்லை. மலை அவிழ்ந்து நடக்கத் தொடங்கியது என்று வேண்டுமானால் சொல்லலாம். முதலில் ஒரு வரிசை, நூல் மாதிரி. அது கயிறானது. ஆறானது. அரை மைல் அகலத்துக்கு வந்தவை, காலையில் நான் பனி தள்ளி வைத்த சாலையைக் கண்டுபிடித்து அதற்குள் வழிந்து இறங்கின. கால்களை அறுக்கும் பனி ஓடு இல்லாத ஒரே தரை அதுதான். கிரேடர் ஆற்று நடுவில் பாறையைப் போல நின்றது. இரண்டு பக்கமும் அவை ஓடின, இல்லை, ஓடவில்லை, நடந்தன. அவசரமில்லாமல், இடிக்காமல், ஒன்றின் காலடியில் ஒன்று கால் வைத்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கறுத்த பெரிய கண்கள் என்னைக் கடந்து போயின. எதுவும் எங்களைப் பார்த்து ஒதுங்கவில்லை. நாங்கள் அவற்றுக்குப் பொருட்டே இல்லை.

சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. பல்லாயிரம் குளம்புகள் இறுகிய பனியில் படும் சத்தம். யாரோ உடைந்த கண்ணாடிச் சில்லை மெதுவாக வாரிக்கொண்டே இருப்பது போல, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஈர ரோமத்தின் வாடையும் சேஜ் தழையின் வாடையும் மூடிய கதவுக்குள் வந்தது.

மார்வா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நரைத்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"ஒவ்வொரு வருஷமும் வந்து எங்க வாசல்ல நின்னிருக்குங்க" என்றார். "பத்து பத்தா வந்ததால எனக்குத் தெரியல. நான் கம்பி தளந்திருக்கான்னுதான் பாத்தேன்."



ஊருக்குள் நடந்ததைக் கார்லிஸ் அன்று சாயங்காலம் சொன்னாள். வேலிப் பக்கம் இருந்தவர்கள் கம்பி சுருட்டி முடித்ததும் இவள் கடைக்கு வந்துவிட்டிருந்தாள். காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது கண்ணாடி அலமாரியில் இருந்த கோப்பைகள் மெல்லக் கிணுகிணுக்க ஆரம்பித்தனவாம். கதவைத் திறந்தால் எங்கள் ஒரே தெரு முழுக்க மான். பெட்ரோல் பம்பை உரசிக்கொண்டு, தேவாலயத்துப் படியைச் சுற்றிக்கொண்டு, கொடிமரத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து சேர்ந்து போய்க்கொண்டிருந்தன. காபிக் கெட்டிலைக் கீழே வைக்க அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைத் தூக்கிக்கொண்டே நின்றிருக்கிறாள். மறுநாள் கையை உயர்த்த முடியவில்லை.

"எதிர் வீட்டு ஜன்னல்ல ஹோவ்லண்ட் தம்பதி நின்னாங்க" என்றாள். "அவங்க ரெண்டு பேரும் பேசி ஏழு வருஷம் ஆச்சுன்னு ஊருக்கே தெரியும். அந்தாளு அந்தம்மா தோள்ல கை போட்டிருந்தாரு. நான் கண்ணால பாத்தேன்."

கம்பங்கள் விழ ஆரம்பித்ததுமே வண்டியில் தெற்கே போய்விட்ட லீலண்ட் தன் புல்கட்டுகளுக்கு முன்னால் மண்வெட்டியோடு காவல் நின்றார். கூட்டம் அவரைக் கடந்துபோக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைக்கு வந்து அடுப்பருகே உட்கார்ந்தபோதும் மண்வெட்டி கையிலேயே இருந்தது.

"ஒண்ணுகூட திரும்பிப் பாக்கல" என்றார். "மூவாயிரத்துல ஒண்ணுகூட. அவ்ளோ கேவலமாவா இருக்கு என் புல்லு?" சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவர் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கார்லிஸ் அவர் கோப்பையை நிரப்பிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

இனெஸ் இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது வரை எண்ணினாளாம். அதற்கு மேல் எண்ணத் தோன்றவில்லை என்று அரசாங்கத்துக்கு அனுப்பிய அறிக்கையிலேயே எழுதிவிட்டாள்.

பொழுது சாயும்போது கடைசி மான் ஊரைத் தாண்டியது. நாங்கள் கிரேடரிலிருந்து இறங்கினோம். மார்வாவால் முழங்காலை நேராக்க முடியவில்லை. நான் கையைக் கொடுத்தேன். வழக்கமாக யார் கையையும் பிடிக்காதவர், பிடித்துக்கொண்டார். வேலி இருந்த இடத்தைத் தாண்டி நடந்து, தெற்கே பார்த்து நின்றார். அங்கே தரைக்கும் வானத்துக்கும் நடுவே பழுப்பாக ஒரு கோடு நகர்ந்துகொண்டிருந்தது. பனி தூற ஆரம்பிக்கும் வரை நின்றார்.

கம்பியில் செத்தவை நாற்பத்தொன்று. மறுநாள் பனிக்கு நடுவே அவற்றை இழுத்து அப்புறப்படுத்தினோம்.

எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. எங்கள் பெயரை உடைக்க இவள் யார் என்று கேட்டவர்கள் உண்டு. க்ரோ குடும்பத்தில் ஒரு அம்மாள் அந்தக் குளிர்காலம் முழுவதும் தேவாலயத்தில் மார்வாவுக்கு இரண்டு வரிசை பின்னால் தள்ளி உட்கார்ந்தார். மாவட்டத்திலிருந்து எனக்கு இரண்டு வாரம் தற்காலிக வேலைநீக்கம் என்று கடிதம் வந்தது. தபால்காரி என்பதால் கார்லிஸ்தான் என்னிடம் கொண்டுவந்து கையெழுத்து வாங்கினாள். "வீட்லயே இருக்கப் போறியா? அப்ப கூரைய சரி பண்ணு" என்றாள்.

ஏப்ரலில் பனி உருகியபோது முறிந்த கம்பங்கள் சேற்றில் வெளிப்பட்டன. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஒவ்வொருவராக வந்து தங்கள் வீட்டுப் பெயரைத் தேடி எடுத்துப் போனார்கள். முந்நூறு மைல் தள்ளியிருந்து ஒரு பெண் வந்து, பாப்டிஸ்ட் எச்செவெரியின் கம்பத்தைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்னிருக்கையில் படுக்க வைத்து எடுத்துப் போனாள். க்ரோ அம்மாளுடைய இரண்டு கம்பத்தையும் மார்வாவே கழுவித் துடைத்து அவர் வீட்டு வாசலில் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் ஒரு வரிசை முன்னால் வந்து உட்கார்ந்தார்.

அந்த அரை மைலில் இப்போது வேறு மாதிரி வேலி இருக்கிறது. கோடையில் மாட்டுக்காக நிற்கும். கொக்கியைக் கழற்றினால் கம்பமும் கம்பியும் சேர்ந்து தரையில் படுத்துவிடும். அக்டோபர் கடைசியில் ஊரே போய் அதைப் படுக்க வைக்கிறோம். ஒரு நாள் வேலை. மார்வா குதிரையில் உட்கார்ந்து, யார் எங்கே சரியாகச் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் நாங்கள் கொஞ்சம் தாமதம். லீலண்டுக்கு இடுப்பு வலி, எனக்குச் சாலை வேலை, அப்படி இப்படி என்று நவம்பர் வந்துவிட்டது. கடைசிக் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கார்லிஸ் என் முழங்கையைத் தட்டினாள். இருநூறு அடி தள்ளி, சேஜ் புதர்களுக்கு நடுவே இருபது முப்பது மான்கள் வந்து படுத்திருந்தன. அசை போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. ரொம்ப நேரமாகவே அங்கே இருந்திருக்க வேண்டும்.

"சீக்கிரம்டா" என்றார் மார்வா, குதிரை மேலிருந்து, ரகசியம் பேசும் குரலில். "காத்துக்கிட்டிருக்காங்க."